புழுங்கலரிசி காத்த குருதிநாளங்கள்



கால்கள் வீங்கும்; மூச்சு வாங்கும்; ஒருநாள் இதயம் நின்றுவிடும். நூறாண்டுகளுக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பெரிபெரி நோய் இது. இந்நோயின் ஒரு வகையில் சிறு தமனிகள் தளர்ந்து விரிகின்றன. அவற்றில் பாயும் மிகுதியான குருதியை ஓயாது இறைத்து இதயம் சோர்கிறது. நீர் கசிந்து உடல் வீங்குகிறது.

இந்நோய் சீனத் தொழிலாளரையே மிகுதியும் தாக்கிற்று. தமிழரை அரிதாகவே தீண்டிற்று. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், அரிசியே காரணம் என்றார். சீனர் உண்டது தீட்டிய சயாமியப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

இக்கருத்தைச் சோதித்தவர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. தங்கும் இடத்தால் நோய் வருகிறதோ என்றறிய, இடையில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றினார். ஓராண்டு முடிவில், பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில், நோயோடு வந்து சேர்ந்த இருவரைத் தவிர எவருக்கும் நோயில்லை. இம்முடிவு 1907இல் இலண்டனின் லான்செட் இதழில் வெளிவந்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. உமியும் தவிடும் நீங்கினாலும் அது எஞ்சி நிற்கிறது. 1936இல் அச்சத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர், நெல்லூரில் பிறந்த அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ். இன்று இத்தகைய நோயாளிக்குச் சிரைவழியாகத் தயமின் செலுத்தினால், தளர்ந்த இதயம் விரைவிலேயே தேறத் தொடங்குகிறது. நோய் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மிகுதியாக மது அருந்துவோரையும், ஓயாத வாந்தியால் உணவு தங்காத கருவுற்ற தாய்மாரையும் அது இன்றும் தாக்கக்கூடும்.

நம் முன்னோர் உயிர்ச்சத்தின் பெயரை அறிந்திலர். பழக்கமே அவர்களைக் காத்தது. அதனை மாணவர்க்குப் பெருமையோடு சொல்லுவோம். ஆனால், அப்பழக்கத்தின் பயனை மெய்ப்பிக்க 18 உயிர்கள் விலையாயின. அந்நோயாளிகள் தம் தட்டில் எந்த அரிசி விழவேண்டும் என்பதைத் தாமே தேர்ந்தவர் அல்லர். வகுப்பறையில் பிளெட்சரின் பெயரைச் சொல்லும்போது, பெயர் அறியப்படாத அவர்களையும் நினைவுகூர்வோம். அறிவியல் வரலாறு அவர்களுக்கும் உரியதே.