மடையைத் திறந்தவர்களின் வரலாறு



முடிச்சூர் என்றதும் பலருக்கு 2015 டிசம்பர் வெள்ளம்தான் நினைவுக்கு வரும். அதைப் பேசும்போது எல்லோரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்கிறார்கள். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரியிலிருந்து டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள்; சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர்.

இந்தப் பகுதியின் ஏரிகள் ஒரு சங்கிலி. மேலேரியின் கலங்கலில் வழிவது கீழேரிக்கு வரத்து. நடுவில் ஒரு கால்வாய் மனைப்பிரிவாக மாறினால் தண்ணீர் தெருவில்தான் போகும். எந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று அறிந்திருந்தவர்கள் யார்?

மணிமங்கலம் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற ஊர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்த ஊர் ஏரியின் மடையை யார் திறந்தார்கள் என்று சொல்வதில்லை. தமிழகத்தின் பல ஊர்களில் அது நீர்க்கட்டிகளின் வேலை. அவர்களில் மிகப் பலர் தலித்துகள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது, கரையில் எங்கே கசிகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கூலி, களத்து நெல். பாசன நிலமோ பெரும்பாலும் பிறருடையது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அடுத்த ஆண்டு வந்த பஞ்சமி நில ஆணையும் இந்த நிலமின்மையிலிருந்து பிறந்தவை.

குடிமராமத்தை ஊர் ஒற்றுமை என்று இன்று புகழ்கிறார்கள். 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்தில் உழைக்கும் வகுப்பினரை வலிந்து வேலைக்கு இழுக்க வழி செய்தது. கரையைக் காத்தவர்களுக்கே ஊர்ப் பொதுக் குளத்தில் தண்ணீர் மொள்ள உரிமையில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்து நீரைக் குடித்தது இந்த அநீதிக்கு எதிராகத்தான்.

ஏரியின் உயிர்களும் இந்த வரலாற்றில் உண்டு. முக்குளிப்பானுக்கு ஆழம் வேண்டும்; நாரைக்குக் கால் நனையும் அளவு போதும்; இலைக்கோழிக்கு மிதக்கும் இலைகள் வேண்டும். கோடையில் நீர் வற்றும்போது கூடும் மீன்களைக் கூழைக்கடாக்களும் உண்டன, சேரி மக்களும் உண்டார்கள். இன்று அழகுபடுத்துதல் என்ற பெயரில் விளிம்பைச் செங்குத்தாக வெட்டி, நடைபாதை போட்டு, வேலியடைக்கிறார்கள். நாரை நிற்க இடமில்லை. நத்தை பொறுக்கும் பெண்ணும் உள்ளே போக முடியாது.

வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசை மக்கள் ஆக்கிரமிப்பாளர்கள் எனப்பட்டு, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம்தான். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தபோது அதற்கு வைத்த பெயர் நகரமைப்புத் திட்டம். குடிசை ஆக்கிரமிப்பு, நகர் வளர்ச்சி. இந்தச் சொல் வேறுபாடு சாதியின் கணக்கு.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். உங்கள் ஊரின் பழைய கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுங்கள். மடை பார்த்த குடும்பங்களின் முதியவர்களோடு கரையில் நடந்து, அவர்கள் சொல்லும் கால்வாய்களை வரைபடத்தில் குறியுங்கள். அடுத்த முறை நம் மக்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்பவர்கள் முன் அந்த வரைபடத்தை விரித்து வைப்போம். ஜெய் பீம்.