முகிலைக் கண்டு எழும் குரல்

பொலன்னறுவைக்குப் போனவர்கள் சோழர் காலத்துச் சிவாலயங்களைப் பார்த்திருப்பார்கள். அவற்றின் கற்கூரையில் ஏறி விளையாடும் குரங்குகளையும் பார்த்திருப்பார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இந்தச் செங்குரங்குகளை வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 இல் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தார். தனித்தனிக் குரங்காக முகம் பார்த்து அடையாளம் கண்டு, யாருக்கு யார் தாய், யார் எந்தக் கூட்டம் என்று குறித்துக்கொண்டே போன ஆய்வு அது.

1984 இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல உணவு ஏராளமாகக் கிடைக்கும் மரத்தைக் கண்ட குரங்கு ஒரு குறிப்பிட்ட குரலை எழுப்புகிறது. அதைக் கேட்டதும் சிதறிக் கிடக்கும் கூட்டம் அந்த மரத்தை நோக்கி ஓடி வருகிறது. பதிவான 154 சந்தர்ப்பங்களில் 97 சதவீதம் இத்தகையவை. 'சாப்பாடு' என்று அதை மொழிபெயர்த்துவிட யாருக்கும் ஆசை வரும்.

என்னை நிறுத்தியது எஞ்சிய மூன்று சதவீதம். நீண்ட வறட்சியின் முடிவில் முதல் மழைமுகில் திரளும்போதும், குளிர்ந்த மழை ஓய்ந்து முதல் வெயில் விழும்போதும் அதே குரல் எழுவதுண்டு என்கிறார் டிட்டஸ். அப்படியானால் அது உணவின் பெயர் அல்ல. பெருமகிழ்ச்சியின் குரல். ஆனால் கேட்கும் குரங்குக்கு அது செய்தியாகிவிடுகிறது. அது உணவைத் தேடி ஓடுகிறது. சொல்பவரிடம் உணர்ச்சி, கேட்பவரிடம் பொருள். மொழியின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவியைப் பார்த்தவர்கள் குறைவு.

நான் வாழும் இந்த லண்டனில்தான் அந்தத் தேடலின் பழைய சண்டைகள் நடந்தன. 1838 இல் டார்வின் விலங்குக் காட்சிசாலைக்குப் போய் ஜென்னி என்ற ஒராங்குட்டானைப் பார்த்தார். ஆப்பிளைக் காட்டிக் கொடுக்க மறுத்தபோது அது குழந்தையைப் போல அடம் பிடித்ததைக் குறித்து வைத்தார். 1861 இல் மாக்ஸ் முல்லர் இதே நகரத்தில் நிகழ்த்திய உரைகளில் மொழியை விலங்கு தாண்ட முடியாத எல்லையாக நிறுத்தினார். நம் மரபு இந்த இடத்தில் சற்று நெகிழ்வானது. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றைப் பிரித்துப் பேசுகிறது. ஆறாவது அறிவு மனிதருக்கு உரியது என்ற பின்னும், கிளி, குரங்கு, யானை போன்ற சிலவற்றுக்கும் அதில் பங்குண்டு என்று உரைமரபு இடம் விட்டிருக்கிறது. இதை அறிவியல் என்று தூக்கிப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. கவனித்துப் பார்த்தவர்களின் தயக்கம் அது, அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் வாலில்லாக் குரங்குகளுக்குப் பேச்சுக் கற்பிக்க முயன்றார்கள். விக்கி என்ற சிம்பன்சி வீட்டுக் குழந்தையாக வளர்ந்தும் நான்கு சொற்களோடு நின்றது. பிறகு சைகைமொழிக்கு மாறினார்கள். நிம் என்ற சிம்பன்சிக்குச் சைகை கற்பித்த ஹெர்பர்ட் டெரஸ், ஒளிப்பதிவுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, அது ஆசிரியரின் சைகைகளையே பெரும்பாலும் திருப்பிக் காட்டுகிறது, வாக்கியம் அமைக்கவில்லை என்று 1979 இல் எழுதினார். தொண்டைதான் தடை என்ற பழைய விளக்கமும் நிற்கவில்லை. 2016 இல் டெக்கும்சே ஃபிட்ச் குழுவினர் நீள்வால் குரங்கு ஒன்றின் தொண்டை அசைவுகளை எக்ஸ்ரே படமாக்கிக் கணினி மாதிரியில் ஓட்டினார்கள். மனிதருக்கு விளங்கக்கூடிய உயிரொலிகளை எழுப்ப அந்தத் தொண்டை போதும். அதை இயக்கும் மூளைதான் இல்லை.

செவியின் கதை வேறு. உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் தென்னிந்தியக் காடுகளில் நாட்டுக்குரங்குகளுக்கு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள்: அவற்றின் சொந்த எச்சரிக்கைக் குரல், கருமந்தியின் குரல், அனுமன் மந்தியின் குரல். 2000 இல் வெளியான முடிவு, வேற்றினத்தின் குரலைக் கேட்டும் அவை தப்பி ஓடுகின்றன, அதை அடையாளம் காண்பதில் பழக்கத்துக்குப் பங்கு உண்டு என்பது. ஆனால் எந்த நாட்டுக்குரங்கும் கருமந்தியைப் போலக் கத்தப் பழகுவதில்லை. செவி பிறமொழி கற்கிறது. வாய் பிறந்தபடியே இருக்கிறது.

மனோர் பார்க்கில் முருகன் கோவில் வாசலிலும் ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைகளிலும் நான் தினமும் கேட்பது, அம்மம்மா தமிழில் கேட்கப் பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்லும் உரையாடல்கள். "விளங்குது, ஆனா கதைக்க வராது" என்று பெற்றோர் சொல்வார்கள். நம் பிள்ளைகளைக் குரங்கோடு ஒப்பிடுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். ஒப்பீடு நேர் எதிரானது. குரங்கின் வாய் கற்காது. பேத்தியின் வாய் கற்கும் வாய். தொட்டிலில் மழலை பேசியே ஒலிகளைப் பழகிய வாய். அந்தப் பிள்ளையிடம் தமிழின் செவிப்பாதி பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் இல்லாத பாதியை எழுத்துத் தேர்வால் அளப்பதை விட, இருக்கும் பாதியிடம் பதில் கேட்டுப் பொறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னாலும் காரியம் நடந்துவிடுகிற வீட்டில், தமிழில் சொல்ல அதற்கு என்ன தேவை?

பந்திப்பூர்க் காட்டில் அனிந்திய சின்ஹாவும் இணை ஆய்வாளர்களும் 2018 இல் வெளியிட்டது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாட்டுக்குரங்குகள் தமக்குள் தொடர்பு வைத்துக்கொள்ள எழுப்பும் 'கூ' என்ற குரல் ஒன்று உண்டு. காட்டுக்கு வரும் மனிதர் கையில் உணவைக் கண்டால், அவரை நோக்கித் திரும்பி, கையை நீட்டி, அதே குரலை எழுப்புகின்றன. புதிய ஒலி எதுவும் பிறக்கவில்லை. பழைய ஒலிக்கு எதிரே புதிதாக ஓர் ஆள் வந்து நிற்கிறார். குரங்கு கூவிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறது.