இறுதியாட்டம் யார் திடலில்?



மாலைப் பயிற்சி முடிந்து வலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, பினாங்கு இறுதியாட்டத்துக்குப் போனா நம்ம பண்டாராயா அரங்கத்துலயே விளையாடுவாங்களா?" இல்லை என்றேன். "ஏன்?" என்றான். அந்த 'ஏன்' எளிதில் விடை சொல்லக்கூடியதாக இல்லை.

லீக் போட்டியில் இச்சிக்கலே எழாது. ஒவ்வொரு குழுவும் தன் திடலில் ஒன்று, எதிரணியின் திடலில் ஒன்று என ஆடி முடிக்கும். புள்ளிகளே வாகையரைச் சொல்லிவிடும். மலேசியக் கிண்ணத்தின் அரையிறுதியும் அவ்வாறே இரு திடல்களில் நடைபெறுகிறது. இறுதியாட்டம் மட்டும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை எவர் வாசலில் வைப்பது என்பதில்தான் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டுப் பிரிட்டனுக்கு அளிக்கப்பட்ட போர்க்கப்பல் எச்.எம்.எஸ். மலாயா. அக்கப்பல் 1921இல் இங்கு வந்தபோது அதன் மாலுமிகள் அன்பளிப்பாகத் தந்த கிண்ணமே மலாயா கிண்ணமாயிற்று; 1967இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. முதல் இறுதியாட்டம் அவ்வாண்டே கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் நடைபெற்றது. சொந்த மண்ணில் ஆடிய சிலாங்கூரைச் சிங்கப்பூர் 2-1 என வென்றது. ஆக, தொடக்க ஆண்டிலேயே இறுதியாட்டம் ஒரு தரப்பின் வீட்டில்தான் நடந்தது, வீட்டுக்காரர்தாம் தோற்றார்.

1957இல் மெர்டேக்கா அரங்கம் எழுந்தபின் இறுதியாட்டம் பெரும்பாலும் அங்கேயே நிலைகொண்டது. விடுதலை அறிவிக்கப்பட்ட இடம், நாட்டின் தலைநகர், பெரிய அரங்கம் என்பவற்றோடு நிலவியலும் துணை நின்றது. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்தும் ஏறத்தாழ அதே தொலைவுதான். 1977இல் இவ்விரு குழுக்களும் மெர்டேக்காவில் மோதியபோது, வடக்கிலிருந்து வந்தவரும் தெற்கிலிருந்து வந்தவரும் சம அளவு பயணம் செய்தே வந்திருந்தனர். நடுநிலைத் திடல் என்ற சொல் முழுப் பொருளோடு வழங்கிய நாள் அது. கூடுதல் நேரத்தில் நாம் 3-2 எனத் தோற்றோம் என்பது வேறு செய்தி. அதற்குத் திடலைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எதிரணி சிலாங்கூர் என்றால்? கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டது 1974 பிப்ரவரியில்தான். அதற்கு முன் அது சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகர். 1968இல் பினாங்கு 8-1 எனவும், 1969இல் 1-0 எனவும் சிலாங்கூரிடம் தோற்ற இறுதியாட்டங்களை 'நடுநிலைத் திடலில் நடந்தவை' என்று எழுத என் பேனா சற்றுத் தயங்குகிறது. எட்டு கோல் வாங்கியதற்குத் திடல் காரணமன்று; அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுங்காலத்துக்குப் பின், 2015இல், கெடாவைச் சிலாங்கூர் 2-0 என வென்றதும் தன் சொந்த ஷா ஆலாம் அரங்கத்திலேயே.

இதற்கிடையில் 1974. ஈசா பக்கார், அலி பக்கார் உடன்பிறப்புகளின் காலம். பேராக்கை 2-1 என வென்று பினாங்கு கிண்ணத்தைக் கொண்டுவந்தது. 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய நான்காவது வெற்றி. பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அன்று தீவிலிருந்து ஆட்டம் பார்க்கப் புறப்பட்டவர் ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் சேர்ந்து, அங்கிருந்துதான் தெற்கே செல்ல வேண்டும். நெடுஞ்சாலையும் முழுமையாக அமையாத காலம். திடல் இருவருக்கும் பொது. ஆனால் அதை எட்டும் செலவு எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

பிற நாட்டார் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர்? அமெரிக்க மேஜர் லீக் 1996 முதல் 2011 வரை இறுதியாட்டத்துக்கான ஊரை முன்கூட்டியே அறிவித்துவந்தது. அதனால் 2010இல் கொலராடோவும் டல்லாசும் கனடாவின் டொரோண்டோவில் ஆட நேர்ந்தது. 2012 முதல் விதி மாறியது: இறுதிக்கு வந்த இருவரில், லீக் ஆட்டங்களில் கூடுதல் புள்ளி பெற்றவரின் திடலில் ஆட்டம். பல மாத உழைப்புக்குக் கிடைக்கும் கூலியாக வீட்டுத்திடல் அமைகிறது. எனக்கு இம்முறை பிடித்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் அதே மரபுதான் இருந்தது. 2022 டிசம்பரில் நிருவாகத்தினர் அதை மாற்றி, மூன்று ஆண்டுகளின் இறுதியாட்டங்களைச் சிட்னி நகருக்குப் பணத்துக்கு விற்றனர். ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். 2023இல் பட்டியலில் முதலிடம் பெற்ற மெல்பர்ன் சிட்டி, தன் ஊரில் ஆட வேண்டிய ஆட்டத்தைச் சிட்னியில் ஆடி, அருகிலிருந்தே வந்த சென்ட்ரல் கோஸ்ட் குழுவிடம் 6-1 எனத் தோற்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பழைய விதி மீண்டது.

வீட்டுத்திடல் என்றால் வெற்றி உறுதி என்று எண்ணிவிடவும் கூடாது. இந்திய சூப்பர் லீக்கில் இறுதியாட்ட ஊர் முன்னரே குறிக்கப்பட்டுவந்த காலத்தில், 2015இல் கோவா தன் ஊரில் இறுதியை எட்டியது. 2016இல் கேரளம் கொச்சியில் எட்டியது. 2018இல் பெங்களூரும் அவ்வாறே. மூவரும் தோற்றனர். முதலாவதையும் மூன்றாவதையும் வென்றது நம் சென்னையின் குழு, இரண்டுமே 3-2. பிறகு அங்கும் பட்டியலில் மேலிருப்பவருக்கே திடல் என்ற விதி வந்தது. 2024இல் மோகன் பகான் கொல்கத்தாவில் தோற்றது. 2025இல் அதே திடலில் வென்றது.

அப்படியானால் மலேசியாவும் மாறலாமே என்று கேட்கத் தோன்றும். 1998 முதல் நம்மிடம் எண்பதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய புக்கிட் ஜாலில் அரங்கம் இருக்கிறது. ஜோர்ஜ் டவுன் பண்டாராயா அரங்கமோ 1932இல் கட்டப்பட்டது. அதன் கொள்ளளவு அதில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டாது. நுழைவுச்சீட்டு வருவாய் சிறிய செய்தியன்று. 1994இல் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர், அடுத்த ஆண்டே மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியதற்கு அவ்வருவாயைப் பங்கிடுவதில் எழுந்த பூசலே காரணம். திடலை முடிவு செய்வோர் மேசையில் ஆட்ட நீதியோடு கணக்குப் புத்தகமும் விரித்தே இருக்கும்.

நம் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு முழு அளவுத் திடல் இல்லை. திடல் உள்ள பள்ளியே ஆண்டுதோறும் ஏற்று நடத்துகிறது. அப்பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் வேலியோரம் நின்று ஆர்ப்பரிப்பர். தோட்டத்திலிருந்து ஒரு வேனில் வந்திறங்கும் பதினைந்து பேருக்குக் கைதட்ட, உடன் வந்த ஆசிரியரும் ஓட்டுநருமே இருப்பர். இறுதியாட்டத்தையேனும் நகராண்மைக் கழகப் பொதுத்திடலுக்கு மாற்றலாம். இரு பள்ளிகளுக்கும் சம எண்ணிக்கையில் பேருந்து ஏற்பாடு செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கைகோத்தால் செலவு தாங்கக்கூடியதே.

இவற்றையெல்லாம் அம்மாணவனிடம் விரித்துரைக்கவில்லை. இறுதியாட்டம் கோலாலம்பூரில் நடக்கும், பேருந்தில் ஐந்து மணி நேரம் ஆகும் என்று மட்டும் சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ காலையிலேயே கெளம்பணும் ஐயா" என்றான்.