கம்பியில்லா வலையமைப்பில் முன்சேமிப்பு

பலரும் கேட்கக்கூடிய படத்தையோ பாட்டையோ நெரிசல் இல்லாத நேரத்திலேயே பயனருக்கு அருகில் கொண்டுவந்து வைப்பது முன்சேமிப்பு. துறையினர் வழக்கில் ‘கேஷ்’. நினைவகம் மலிந்துகொண்டே வந்தது. அலைக்கற்றையோ அளவோடு கிடைப்பது, ஏலத்தில் எடுக்க வேண்டியது. இந்த வேறுபாடுதான் துறையை வளர்த்தது.

இதன் வேர் கணினிக்குள் இருக்கிறது. செயலிக்கும் மெதுவான பெரிய நினைவகத்துக்கும் நடுவே வேகமான சிறு நினைவகம் வைக்கலாம் என்று மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதினார். டாம் லெய்டனும் டேனி லெவினும் 1998இல் தொடங்கிய அகமாய், இணையப் பக்கங்களின் பிரதிகளைப் பல ஊர்ச் சேவையகங்களில் வைத்தது. ஆனாலும் கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையிலான நெரிசல் தீரவில்லை.

2012இல் நெகின் கோல்ரெசாய், கார்த்திகேயன் சண்முகம் உள்ளிட்ட ஐவர் ‘ஃபெம்டோகேஷிங்’கை முன்வைத்தனர். இணைப்பு மெலிந்தாலும் சேமிப்பிடம் பெரிதாக உள்ள சிறு நிலையங்களைத் தெருவுக்குத் தெரு நிறுத்துவது இதன் வழி. எந்தப் படத்தை எந்த நிலையத்தில் வைப்பது என்பதற்குச் சரியான விடை காண்பது கணக்கில் மிகக் கடினம் என்றும், ஓரளவு நல்ல விடையை எளிதில் எட்டலாம் என்றும் அவர்கள் நிறுவினர்.

பெரிய திருப்பம் பெல் ஆய்வகத்தின் முகமது அலி மத்தா-அலி, உர்ஸ் நீசன் இருவருடையது. கட்டுரை 2014இல் ஆய்விதழில் வந்தது. இரண்டு படங்கள், இரண்டு கைப்பேசிகள் என்று கொள்வோம். முதல் கைப்பேசியில் இரு படங்களின் முன்பாதிகளும், மற்றதில் பின்பாதிகளும் முந்தைய இரவே ஏறிவிடுகின்றன. மறுநாள் முதலாமவர் ஒரு படத்தையும் இரண்டாமவர் இன்னொன்றையும் கேட்கிறார்கள். முதலாமவருக்குத் தம் படத்தின் பின்பாதி வேண்டும். இரண்டாமவருக்குத் தம் படத்தின் முன்பாதி. கோபுரம் அவ்விரண்டையும் பிட்டுக்குப் பிட்டு எக்ஸ்ஓஆர் செய்து (இரு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) ஒரே தடவை அனுப்புகிறது. தன்னிடம் உள்ள பாதியைக் கழித்து, வேண்டிய பாதியை ஒவ்வொரு கைப்பேசியும் எடுத்துக்கொள்கிறது. அனுப்பும் அளவு பாதியாகிறது. யார் எதைக் கேட்பார்கள் என்று முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த முறையின் அழகே அதுதான். ஒருவருக்கு அனுப்புவது எல்லாருக்கும் கேட்கும் என்ற காற்றின் இயல்பு இங்கே பலமாகிறது.

நடைமுறையில் இடறுவது, பயனர்கள் கூடக் கூடப் பெருகும் துண்டுகளின் எண்ணிக்கை. மொத்தப் படங்களில் பாதியளவைச் சேமிக்க ஒவ்வொருவரிடமும் இடம் உள்ள 20 பேருக்கு ஒரு படத்தை 1,84,756 துண்டுகளாக வெட்ட வேண்டும். பயனர்கள் மிகப் பலராக இருந்தால், அவர்கள் எண்ணிக்கை கூடும் அளவுக்கே துண்டுகளும் கூடுமாறு அமைக்க முடியும் என்று 2017இல் நிறுவிய மூவரில், ஃபெம்டோகேஷிங் குழுவின் கார்த்திகேயன் சண்முகமும் ஒருவர்.