போக்கிடம் இல்லாத அமைச்சர்: கோல்கொண்டாவில் மாதண்ணா

கோல்கொண்டாவின் கடைசிச் சுல்தான் அபுல் ஹசன் குதுப் ஷாவிடம் (1672–1687) தலைமை அமைச்சராக இருந்த மாதண்ணாவை இரண்டு தரப்பினர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். மத நல்லிணக்கத்துக்குச் சான்று தேடுபவர்கள் ஷியா மன்னரையும் பிராமண அமைச்சரையும் அருகருகே நிறுத்தி மகிழ்கிறார்கள். மறு தரப்பு, 1677இல் சிவாஜியோடு ஏற்பட்ட உடன்படிக்கையை முன்வைத்து, சுல்தானின் பெயரால் இந்து ஆட்சியை நடத்தியவர் என்று அவரைக் கொண்டாடுகிறது. இரு வாசிப்புகளும் அவருடைய மதத்தைப் பார்க்கின்றன. அவர் வகித்த பதவியைப் பார்ப்பதில்லை. மீர் ஜும்லா என்ற அந்தப் பதவியில் அவருக்கு முன்பு இருந்தவர்கள் என்ன ஆனார்கள், அவர்களால் அரசு என்ன ஆனது என்று கேட்டால், மாதண்ணா ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதும் ஏன் கைவிடப்பட்டார் என்பதும் ஒருசேர விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குதுப் ஷாகி வருவாய்த்துறையில் தெலுங்குப் பிராமணர்கள் இருந்தது புதுமையன்று. இப்ராஹிம் குதுப் ஷா (1550–1580) பட்டத்துக்கு வரும் முன் விஜயநகரத்தில் ராமராயரிடம் அடைக்கலமாகப் பல ஆண்டுகள் தங்கியவர்; தெலுங்குக் கவிகளை ஆதரித்தவர். அரசின் சில ஆணைகளில் பாரசீக வாசகத்தோடு தெலுங்கு வாசகமும் சேர்த்தே எழுதப்பட்டது. மேலே பாரசீகம் கற்ற ஈரானியப் பிரபுக்கள், கீழே ஊர்க்கணக்கும் தெலுங்கும் தெரிந்த எழுத்தர்கள் என்று அமைந்திருந்த ஆட்சியில் அந்த ஆணைத்தாள் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது.

கணக்கு தெரிந்தவனுக்குக் கிடைத்த இடம் பாதுகாப்பான இடமா என்பது வேறு கேள்வி. மாவட்டங்களின் வரிவசூல் குத்தகைக்கு விடப்பட்டது. அதிகத் தொகைக்கு ஒப்புக்கொண்டவர் அதிகாரியானார். தொகையை மக்களிடமிருந்து எப்படித் திரட்டுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. குறைந்தால் அவர் உடம்பு பதில் சொல்லியாக வேண்டும். 1618 முதல் 1622 வரை மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலேயக் கம்பெனியின் முகவராக இருந்த வில்லியம் மெத்வோல்ட் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்கிறார். 1614இல் அந்தத் துறைமுகத்தின் அதிகாரியாக இருந்த பிராமணர் பாக்கியை முழுதாகக் கட்டவில்லை. முதுகிலும் பாதங்களிலும் வயிற்றிலும் பிரம்பால் அடித்தே அவரைக் கொன்றார்கள். மாதண்ணா வளர்ந்து வந்த துறை இத்தகையது. அவருடைய சகோதரி மகன் என்று மரபு சொல்லும் கஞ்செர்ல கோபண்ணா, பிற்காலத்தில் பத்ராசல ராமதாசர் எனப் போற்றப்பட்டவர், வரிப்பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டதற்காகக் கோல்கொண்டாச் சிறையில் கிடந்தார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். மாமன் அமைச்சராக இருந்தும் மருமகன் சிறையில் இருந்ததாகச் சொல்லும் ஒரு மரபை வைத்துக்கொண்டு, அன்று நடந்தது இந்து ஆட்சி என்று வாதிடுவது கடினம். மக்கள் நினைவிலும் கஜானாவின் பாக்கிதான் உறவுக்கு மேலே நிற்கிறது.

இனி மீர் ஜும்லா பதவிக்கு வருவோம். 1636இல் அன்றைய கோல்கொண்டாச் சுல்தான் அப்துல்லா குதுப் ஷா முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மேலாண்மையை ஏற்று ஆண்டுதோறும் இரண்டு லட்சம் ஹுன் (பொன் நாணயம்) கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அரசின் பெரிய ஆபத்து வடக்கே இருந்தது. அந்த நிலையில் தலைமை அமைச்சராக உயர்ந்தவர் ஈரானிலிருந்து வந்த முகமது சயீத். வைர வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். கர்நாடகப் பகுதியில் படையெடுத்து 1650இல் கண்டிக்கோட்டையைப் பிடித்தவர். பீரங்கிகளும் குதிரைப்படையும் தமக்கெனவே வைத்திருந்தவர். சுல்தானோடு பகை முற்றியபோது அவர் என்ன செய்தார்? படையோடும் செல்வத்தோடும் முகலாயர் பக்கம் போனார். அதைச் சாக்காக வைத்து 1656இல் இளவரசர் அவுரங்கசீப் கோல்கொண்டாவை முற்றுகையிட்டார். அமைச்சரின் கட்சிமாறல் அரசையே விழுங்கப் பார்த்தது.

1672இல் அபுல் ஹசனை அரியணையில் ஏற்றியவர் சையத் முசாஃபர் என்ற படைத்தலைவர். புதிய சுல்தானுக்கு முதல் சிக்கல் தம்மை ஏற்றிவிட்டவரே. அந்த முசாஃபரிடம் காரியதரிசியாக இருந்தவர்தான் அனுமகொண்டாவிலிருந்து வந்த மாதண்ணா. எஜமானரின் வரவுசெலவு, கடன், ஆள்பலம் எல்லாம் அவர் கைவிரல் நுனியில் இருந்தன. அவருடைய உதவியோடு முசாஃபர் அகற்றப்பட்டார். 1674 வாக்கில் மாதண்ணா சூரியப் பிரகாச ராவ் என்ற பட்டத்தோடு மீர் ஜும்லா பதவியில் அமர்ந்தார். சகோதரர் அக்கண்ணாவும் உயர் பதவி பெற்றார். மருமகன் ருஸ்தம் ராவ் படைத்தலைவரானார்.

சுல்தானின் கணக்கை நாம் ஊகிக்கலாம். முகமது சயீதைப் போல மாதண்ணாவுக்குச் சொந்தப் படை இல்லை. வேறு அரசவையில் விலைபோகக்கூடிய பாரசீகப் பிரபுக்குலத் தொடர்புகளும் இல்லை. அவருடைய அதிகாரம் முழுவதும் இந்தக் கஜானாவோடும் இந்தச் சுல்தானோடும் கட்டுண்டது. கட்சிமாறிகளால் அடிபட்ட அரசுக்குப் போக்கிடம் இல்லாத அமைச்சரே நம்பகமான அமைச்சர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இந்துவாக இருந்தது முகலாயப் பணிக்குத் தடையா? தடையில்லை. அவுரங்கசீப்பின் தொடக்க ஆண்டுகளில் திவான் பொறுப்பை வகித்தவர் ராஜா ரகுநாத். 1663இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆகவே மாதண்ணாவை இங்கேயே கட்டிப்போட்டது மதமன்று, படைபலமின்மை. இதே சான்று இன்னொன்றையும் காட்டுகிறது. காஃபிர் ஒருவரிடம் அரசை ஒப்படைத்ததாக அபுல் ஹசன்மீது பின்னாளில் அவுரங்கசீப் சுமத்திய குற்றச்சாட்டு, தம் அரசவைக்கே பொருந்தாத அளவுகோல். போருக்குக் காரணம் தேவைப்பட்டபோது அந்தச் சொல் கைக்கு வந்தது.

ஆனால் அந்தச் சொல் வெறுங்காற்றில் முளைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படையில்லாத குறையை மாதண்ணா உறவையும் சாதியையும் கொண்டு நிரப்பினார். வருவாய்ப் பதவிகளில் முஸ்லிம் அதிகாரிகள் இருந்த இடங்களுக்குப் பிராமணர்கள் வந்தார்கள். 2002இல் இதை ஆராய்ந்த ஹைஸ் க்ரைட்சர் ‘பிராமணப் புரட்சி’ என்ற தொடரையே தலைப்பில் வைத்தார். புரட்சி என்பது எனக்குக் கூடுதலாகப் படுகிறது. குத்தகை முறையின் கொடுமை குடியானவனுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. தமிழகத்தின் வடபகுதியே இதற்குச் சாட்சி. பூந்தமல்லியில் இருந்து ஆண்ட பொதிலி லிங்கப்பா, சென்னைக்குப் போகும் பண்டங்களைத் தடுத்துக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரிடம் மேலும் மேலும் பணம் கேட்டார். 1672இலேயே ஆண்டு வாடகை 1200 வராகன் என்று முடிவாகியிருந்தும் நெருக்கடி ஓயவில்லை. கோல்கொண்டா கேட்ட தொகையை லிங்கப்பா எங்கிருந்தாவது கறந்தாக வேண்டும். மெத்வோல்ட் கண்ட அதே இயந்திரம், ஆட்கள் மட்டும் வேறு.

சிவாஜி உடன்படிக்கையையும் இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். 1677இல் ஹைதராபாத்துக்கு வந்த சிவாஜிக்குச் சுல்தான் பணமும் பீரங்கியும் கொடுத்தார். வென்ற நிலத்தில் கோல்கொண்டாவுக்குப் பங்கு என்று பேச்சு. செஞ்சி அதே ஆண்டில் வீழ்ந்தது, வேலூர் அடுத்த ஆண்டில். பங்கு வரவில்லை. அந்தக் காலத்தில் சிவாஜி மராத்தியத் தலைவர் மாலோஜி கோர்படேக்கு எழுதிய கடிதம் தக்காணத்தின் ஆட்சி தக்காணத்தாரிடமே இருக்க வேண்டும் என்று வாதிடுகிறது. குதுப் ஷாவையும் அந்தத் தக்காணத்தாருள் சேர்க்கிறது. அங்கே பேசப்படும் ஒற்றுமை நிலத்தைச் சார்ந்தது. எதிரி வடக்கிலிருந்து வரும் படை. மாதண்ணா தேடியதும் அந்தப் படைக்கு எதிரான ஓர் அரண்.

1685 அக்டோபரில் அந்த அரண் சரிந்தது. கோல்கொண்டாவின் தலைமைப் படைத்தலைவர் மீர் முகமது இப்ராஹிம் முகலாயரிடம் போய்ச் சேர்ந்து மஹாபத் கான் என்ற பட்டம் பெற்றார். ஹைதராபாத் சூறையாடப்பட்டது, சுல்தான் கோட்டைக்குள் ஒதுங்கினார். சமாதானத்துக்கு முகலாயர் விதித்த நிபந்தனைகளில் மாதண்ணாவையும் அக்கண்ணாவையும் விலக்குவதும் ஒன்று. 1686 மார்ச்சில் சகோதரர்கள் கோல்கொண்டாத் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சுல்தானுக்குத் தெரியாமல் அந்தப்புரப் பெண்கள் தூண்டியதாக முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதுகிறார். சுல்தான் அறிந்திருந்தாரோ இல்லையோ, கொன்றவர்களை எதிர்க்க மாதண்ணாவிடம் ஒரு படைப்பிரிவும் இல்லை. விசுவாசத்துக்குப் பிணையாக இருந்த அந்தப் பலவீனமே இப்போது அவரைக் கைவிடுவதைச் சுலபமாக்கியது. குதிரைப்படை வைத்திருந்த இப்ராஹிமுக்குப் பேரம் பேச ஒரு பொருள் இருந்தது; மாதண்ணாவோ பிறர் பேரத்தில் பொருளானார்.

அந்த விலை அரசைக் காக்கவில்லை. எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு 1687 செப்டம்பரில் கோட்டை வீழ்ந்தது. அபுல் ஹசன் தௌலதாபாத் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். புதிய முகலாய அதிகாரிகள் வரியை வசூலிக்க அதே ஊர்க்கணக்கர்களையும் தேஷ்முக்குகளையுமே நம்ப வேண்டியிருந்தது. சென்னைக் கோட்டையின் 1200 வராகன் வாடகை அவர்களுக்குப் போகத் தொடங்கியது.