கணினிக்குள் ஒரு கைத்தொலைபேசி

2007 நவம்பரில் கூகுள் நிறுவனம் அன்ட்ரொய்டுக்குச் செயலி எழுதுவதற்கான கருவிகளை வெளியிட்டது. அப்போது அன்ட்ரொய்ட் போடப்பட்ட ஒரு போன்கூட உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. முதலாவது போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 2008 ஒக்ரோபரில்தான். அதற்கு முன்னாலேயே செயலி எழுதுகிறவர்களுக்கு ஒரு போட்டியும் வைத்தார்கள், மொத்தப் பரிசு 1 கோடி டொலர். இல்லாத போனுக்கு எழுதிய செயலியை எதில் போட்டுப் பார்ப்பது?

கணினித் திரையிலேயே ஒரு போனைக் கொடுத்துவிட்டார்கள். அதன் பெயர் எமுலேற்றர். பார்க்கப் போனின் படம் மாதிரி இருக்கும், ஆனால் வெறும் படம் இல்லை. போனுக்குள் இருக்கிற சிப்புக்கு விளங்கும் கட்டளைகள் வேறு, கணினியின் சிப்புக்கு விளங்குபவை வேறு. எமுலேற்றர் இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறது. பிரெஃபெக்சரில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். அதே கேள்வியை மூன்றாவது தரம் கேட்டால் நீங்கள் யோசிப்பதில்லை, முதல் சொன்ன பதிலே வாயில் வந்துவிடும். எமுலேற்றரும் அப்படித்தான். ஒருமுறை மொழிபெயர்த்த துண்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, அது திரும்ப வரும்போது எடுத்துப் போடும்.

அந்த எமுலேற்றருக்கு அடித்தளம் கியூஈமு என்ற இலவச மென்பொருள். அதை எழுதி 2003இல் வெளியிட்டவர் ஃபப்ரிஸ் பெலார், கிரெனோபிளில் பிறந்த பிரெஞ்சுக்காரர். மொன்பெலியேயில் லிசே படிக்கும்போதே, டிஸ்கில் இடம் மிச்சம் பிடிக்க நிரல்களைச் சுருக்கும் ஒரு மென்பொருளை எழுதியவர். பிறகு எகோல் பொலிதெக்னிக்கில் படித்தார். பொண்டியிலிருந்து அந்த இடம் தூரமில்லை: எர்எர் ஈ எடுத்து மஜந்தாவில் இறங்கி, கார் து நோரில் எர்எர் பி பிடித்து லோசேர் வரை போய், மேடு ஏறினால் வந்துவிடும். 2009 முடிகிற நாளில் அவர் இன்னொன்றும் அறிவித்தார். வீட்டில் வைக்கிற மாதிரி ஒரு சாதாரணக் கணினியில், பை எண்ணை ஏறக்குறைய 2.7 லட்சம் கோடி இலக்கம் வரை கணக்கிட்டிருந்தார். அன்றைக்கு அது உலக சாதனை. வாழ்க்கையில் ஒருவர் இவ்வளவும் செய்யலாமா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தமிழ் இந்தக் கதைக்குள் அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன், கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவதற்கு 'செல்லினம்' என்ற செயலியைச் செய்தார். 2005இல் சிங்கப்பூரில் அது வெளியானது. ஐபோனுக்கும் அன்ட்ரொய்டுக்கும் முந்திய, பொத்தான் வைத்த ஜாவா போன்களின் காலம் அது. அந்தப் போன்களுக்கும் கணினியில் போட்டுப் பார்க்கும் எமுலேற்றர் இருந்தது. ஆனால் ஒவ்வொரு போனின் திரையும் ஒவ்வொரு அளவு, ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது. வெளியிலிருந்து ஒரு எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போடவும் வழியில்லை. தமிழ் தெரிய வேண்டுமென்றால் செயலியே எழுத்துகளைப் படம்போல வரைய வேண்டும். குறுஞ்செய்தியிலும் கஷ்டம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து, ஒருங்குறித் தமிழில் எழுதினால் 70 குறிகள் மட்டும். 'கொண்டு' என்ற சொல்லுக்கே 6 குறி போய்விடும்.

காசு கொடுத்து அனுப்புகிறவர்கள் என்ன செய்வார்கள்? தமிழை ரோமன் எழுத்தில் எழுதினார்கள். அதிலும் எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் 'ஊ' ஒலிக்கு இரண்டு எழுத்துப் போடுவார். லண்டன் மச்சாளுக்கு அது 'அவு' மாதிரித் தெரியும்.

ஆரம்பகால அன்ட்ரொய்ட் போன்களில் தமிழ் எழுத்துருவே இல்லை. செய்தித் தளத்தைத் திறந்தால் பெட்டி பெட்டியாக வரும். அப்போது ஒரு தந்திரம் வாய்வழியாகப் பரவியது. ஒப்பரா மினி உலாவியின் ஒளிந்திருக்கும் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு வரியை 'ஆம்' என்று மாற்ற வேண்டும். அதன்பிறகு ஒப்பராவின் சேர்வரே தமிழை வரைந்து படமாக அனுப்பும். படிக்கலாம், ஆனால் வெட்டி ஒட்ட முடியாது.

எழுத்துரு வந்தபிறகும் பிரச்சினை முடியவில்லை. 'கொ' என்று எழுதினால் போன் நினைவில் வைத்திருப்பது முதலில் 'க', பிறகு 'ஒ'கரக் குறி. திரையிலோ கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் வர வேண்டும். இந்த அடுக்கும் வேலைக்குத் தனியாக ஒரு மென்பொருள் தேவை. அன்ட்ரொய்டில் இப்போது அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், பெயரும் பாரசீகப் பெயர். பாரசீகமும் சேர்த்து எழுதுகிற மொழிதானே, அந்த வலி அவருக்குத் தெரிந்திருக்கும்.

சோதனைக் கருவிகளில் எனக்குப் பிடித்தது குரங்கு. உண்மையாகவே அதன் பெயர் 'மங்கி'. செயலியில் கண்டபடி தட்டும், இழுக்கும், எது உடைகிறது என்று காட்டும். 1983இலேயே ஆப்பிளில் ஸ்டீவ் கேப்ஸ் இதே பெயரில் மக்கின்டொஷுக்கு ஒன்று செய்திருந்தார். அது மெனுவில் 'வெளியேறு' என்பதையும் அமத்திவிட்டுப் போய்விடுமாம். அதனால் குரங்கு இருக்கிறதா என்று நிரல்கள் பார்த்துக்கொள்ள ஒரு அடையாளம் வைத்தார்கள்.

ஆனால் குரங்குக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொம்பு இடம் மாறியிருந்தால் செயலி உடையாது, குரங்கும் ஒன்றும் சொல்லாது. அன்ட்ரொய்டில் சோதனைக்கென்றே இரண்டு போலி மொழிகள் இருக்கின்றன. ஒன்று ஆங்கிலச் சொற்களை நீட்டி, எழுத்துகளின் தலையில் குறி போடும். மற்றது வலமிருந்து இடமாகத் திருப்பும். பொத்தானுக்குள் சொல் அடங்குமா என்று பார்க்க முதலாவது உதவும், தமிழ்ச் சொற்கள் நீளம்தானே. கொம்பைப் பார்க்க இரண்டுமே உதவாது. அதை வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் செயலி எழுதத் தொடங்கினால், எமுலேற்றரைத் திறந்து மொழியைத் தமிழுக்கு மாற்றி 'கொ', 'நௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' நான்கையும் எழுதிப் பாருங்கள். மொழியைத் தெரிவு செய்யும்போது எந்த நாட்டுத் தமிழ் என்று கேட்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு நாடுகள் இருக்கும். நான் இலங்கையைத்தான் அமத்துவேன். பிரான்ஸ் அந்தப் பட்டியலில் இன்னும் இல்லை.