உணவு அறை

உணவு அறை என்பது ஒரு வீட்டில் உணவு உண்பதற்கெனத் தனியாக ஒதுக்கப்படும் அறை ஆகும். நாள்தோறும் வீட்டார் உண்ணவும், விருந்தினர் வரும்போது அவர்களுக்கு உணவு பரிமாறவும் இது பயன்படுகிறது. நான்கு பேருக்குப் போதுமான இடம் விருந்து நாளில் போதாது. விருந்துக்கு ஏற்ற இடம் மற்ற நாட்களில் வீணே கிடக்கும். உணவு அறை அமைப்பதிலுள்ள முதன்மையான சிக்கல் இதுவே.

தமிழர் வீடுகளில் இவ்வாறான தனி அறை அண்மைக் காலம் வரை பரவலாக இருந்ததில்லை. பாய் விரித்து இலை போட்ட இடமே அந்த வேளைக்கு உணவு அறையாக இருந்தது.

பந்தி

தரையில் வரிசையாக அமர்ந்து உண்ணும் முறை பந்தி எனப்படுகிறது. இதற்கென ஒடுக்கமாகவும் நீளமாகவும் நெய்யப்படும் பாய் பந்திப்பாய் ஆகும். வாழையிலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்குமாறு இலை போடப்படுகிறது. பரிமாறுவோர் இலைகளுக்கு முன்னால் நடந்து செல்வதால், இரு வரிசைகளை எதிரெதிரே அமைத்தால் நடுவில் ஒரு பாதையே போதுமானது. ஆட்கள் மிகுந்தால் முதற் பந்தி, இரண்டாம் பந்தி என நேரம் பிரிக்கப்பட்டது. இடப் பற்றாக்குறைக்கு இது எளிய தீர்வு எனலாம்.

ஆனால் யார் எந்தப் பந்தியில், எங்கே அமர்வது என்பது வெறும் இட வசதி சார்ந்ததாக இருக்கவில்லை. பரிமாறிய பெண்கள் பெரும்பாலும் கடைசியில், எஞ்சியதை உண்டனர். சாதி அடிப்படையில் சிலர் கூடத்திலும் சிலர் திண்ணையிலும் அமர்த்தப்பட்டனர். சிலர் வீட்டுக்குள்ளேயே விடப்படவில்லை. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. 1924-25 இல் பெரியார் ஈ. வெ. இராமசாமி, பி. வரதராஜுலு நாயுடு ஆகியோர் இதனை எதிர்த்தனர். உண்ணுமிடத்தின் ஒழுங்கு தமிழக அரசியலையே பாதித்த நிகழ்வு இது.

செட்டிநாட்டு வீடுகள்

விருந்தைக் கருத்திற் கொண்டே இடம் ஒதுக்கப்பட்டதற்குச் செட்டிநாட்டு வீடுகள் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவற்றிற் பல கட்டப்பட்டன. முகப்பு, வளவு ஆகியவற்றைக் கடந்து வரும் கட்டில் நீண்ட உணவுக் கூடங்களும், அதற்கும் பின்னால் சமையற்கட்டும் அமைந்திருந்தன. திருமணம் முதலிய சடங்குகள் வீட்டிலேயே நடந்ததால் இந்தக் கூடங்கள் தேவைப்பட்டன. இன்று குடும்பத்தினர் பலர் வெளியூர்களில் வாழ்வதால், ஆண்டின் பெரும்பகுதி இவை பூட்டியே கிடக்கின்றன.

மேசையும் இடக்கணக்கும்

மேசையில் ஒருவர் வசதியாக உண்ண ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் தேவை. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழவும், பின்னால் ஒருவர் நடக்கவும் 90 செ.மீ. இடைவெளி வேண்டும். ஆறு பேருக்கான 150 x 90 செ.மீ. மேசையைச் சுற்றி இவ்வாறு இடம் விட்டால் 3.3 x 2.7 மீட்டர், அதாவது ஏறத்தாழ 9 சதுர மீட்டர் செலவாகும். 2016 இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்த அளவு, சமையலுக்கான இடத்தையும் சேர்த்து 25 சதுர மீட்டர் ஆகும். ஆக, ஆறு பேர் மேசை ஒன்று அத்தகைய வீட்டில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதே ஆறு பேர் தரையில் எதிரெதிரே அமர்ந்தாலும் 6 சதுர மீட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். எனினும் பாயைச் சுருட்டியதும் அந்த இடம் படுக்கவும் படிக்கவும் மீண்டும் கிடைத்துவிடுகிறது.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவச் சிற்றூர்களில் உள்ளது போன்ற சிறு வீடுகளுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. அங்கு 'பாடு' எனப்படும் சுழல்முறையில் மீன்பிடிக்கும் வழக்கம் உண்டு. இவ்வாறு வேலை நேரம் மாறி மாறி வரும் குடும்பங்களில் எல்லோரும் ஒரே வேளையில் உண்பது அரிது. விருந்தோ எப்போதாவது வருவது. சுவரோடு மடங்கும் பலகை ஒன்று இருவர் உண்ணவும் முழங்கால் வலியுள்ள முதியோர் அமரவும் போதுமானது. விருந்தின்போது அதை மடக்கிவிட்டுப் பாய் விரிக்கலாம். இடம் இருப்பின் மேசைக்கும் ஒரு நன்மை உண்டு. பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவரே எடுத்துக்கொள்வதால், பரிமாறுபவரும் உடன் அமர்ந்து உண்ண முடிகிறது.

கையால் உண்ணும் வழக்கம் இருப்பதால், கை கழுவும் தொட்டி உணவு அறைக்கு அருகில் இருத்தல் வேண்டும். முன்னர் முற்றமும் பின்கட்டும் இத்தேவையை நிறைவு செய்தன. மேலை நாட்டு வரைபடங்களை அப்படியே பின்பற்றும் வீடுகளில் இது விடுபட்டுப் போவதுண்டு. மின்விசிறிக்கு நேர்கீழே பந்தி அமைப்பதும் நல்லதல்ல; இலை புரளும், சோறும் விரைவில் ஆறிவிடும்.